அன்புக்கரசியின் நீலக் கட்டங்கள்

பால்பாயின்ட் பேனாவின் மூடியைப் பல்லால் கடித்து இழுத்துவிட்டு, இடது முன்கையின் உட்புறத்தில் ஒரு கட்டம் வரைகிறார் அன்புக்கரசி. நீளம் ஓர் அங்குலம், அகலம் ஓர் அங்குலம். கட்டத்தின் தலையில் தேதி, காலடியில் ஓர் எண். பக்கத்தில் நேற்றைய கட்டம் ஒன்று, முந்தாநாளையது ஒன்று. புதிதாக வந்திருக்கும் கிரீமைப் பஞ்சுக் குச்சியால் தொட்டு, கோட்டைத் தாண்டாமல் உள்ளே தடவுகிறார். பிறகு கையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து முகம் சுளிக்கிறார். “ரோஜாவாம். ரெண்டு நாள்ல தெரிஞ்சுடும், ரோஜாவா முள்ளான்னு.”

ராயபுரம் கல்மண்டபத்துக்குப் பின்னால் ஒரு சந்தில், ஆறடி அகலத்தில் இருக்கிறது அவர் கடை. அப்பாவின் பெயரில் ‘பீம்ராவ் ஃபேன்சி ஸ்டோர்’. வளையலும் ரிப்பனும் ஹேர்கிளிப்பும் உண்டு. ஆனால் பெண்கள் தேடி வருவது சோப்புக்கும் முகக் கிரீமுக்கும்தான். அன்புக்கரசியின் தோல் எதற்கும் பொங்குகிற தோல். வாசனைப் பவுடர் பறந்து வந்து பட்டாலே கால் மணி நேரத்தில் சிவக்கும். நாற்பத்தோரு வயதில் அவர் அந்தத் தோலை நொந்துகொள்வதை விட்டுவிட்டு அதை வேலைக்கு வைத்திருக்கிறார். அவருடைய முன்கையில் இரண்டு நாள் தங்கி, அரிக்காமல் சிவக்காமல் தேறிய பொருளுக்கு மட்டுமே கடையின் அலமாரியில் இடம். சோப்பானால் நுரையை ஒரு நிமிடம் வைத்துக் கழுவிவிடுவார். கிரீமும் எண்ணெயும் அப்படியே இருக்கும். கட்டம் போடும் பேனாவுக்கும் இந்தத் தேர்வு நடந்தது. கறுப்பு மை தோற்றது. நீல மை தேறியது.

அத்தோடு விடுவதில்லை. வாங்க வருகிறவரின் முழங்கை மடிப்பிலும் ஒரு கட்டம் போட்டு, ஒரு பொட்டு தடவி, காசு வாங்காமல் அனுப்பிவிடுவார். “நாளன்னிக்கு வா. என் தோலு வேற, உன் தோலு வேற.” ராயபுரத்திலிருந்து போகும் ஷேர் ஆட்டோவில் கம்பியைப் பிடித்திருக்கும் கைகளில் நீலக் கட்டம் தெரிந்தால், அது யார் கடைக்குப் போன கை என்று ஊருக்குத் தெரியும். கொருக்குப்பேட்டை ரயில்வே சரக்கு யார்டில் வேலை பார்க்கும் கணவர் பரசுராமனும் தப்பவில்லை. தன் கைகளில் இடம் போதாத வாரங்களில் அன்புக்கரசி அவர் முதுகை எடுத்துக்கொள்வார். “ஏன் முதுவு இன்னா ஸ்லேட்டா?” என்று அவர் கத்துவார். கத்திக்கொண்டே சட்டையைக் கழற்றுவார்.

‘இயற்கை’ என்ற சொல்லைக் கேட்டால் அன்புக்கரசிக்கு வருகிற வேகம் பார்க்க வேண்டியது. ஒரு நாள் திலீப் என்ற விற்பனைப் பிரதிநிதி, பச்சை இலை அச்சிட்ட டப்பாக்களை அடுக்கிவைத்து, எல்லாமே மூலிகை என்றார். அன்புக்கரசி பூதக்கண்ணாடியை எடுத்து, டப்பாவின் பின்பக்கத்தில் கடுகளவு எழுத்தில் இருந்த பட்டியலை ஒவ்வொரு பெயராக விரல் வைத்துப் படித்தார். எது அதிகமோ அது முதலில் வரும், எது துளியோ அது கடைசியில் வரும் என்பது அவர் தானாகப் படித்துத் தெரிந்துகொண்ட பாடம். கற்றாழை பதினேழாவது இடத்தில் இருந்தது. “இலை படம் போட்டா உள்ள இலை கீதுன்னு அர்த்தமா தம்பி? எலி மருந்து டப்பால எலி படம் கீது. உள்ள எலியா கீது?”

திலீப் விடவில்லை, இயற்கைப் பொருள் யாருக்கும் தீங்கு செய்யாது என்று கம்பெனியில் கற்றுக்கொடுத்ததை ஒப்பித்தார். “எருக்கம்பாலும் இயற்கதான். கண்ல உட்டுக்கிறியா?” என்று கேட்டுவிட்டு அவர் அடுத்த பட்டியலை எடுத்துக்கொண்டார். அவர் கடையில் வாஸ்லைன் இருக்கிறது. அது மண்ணெண்ணெய்க்கு ஒன்றுவிட்ட சொந்தம்; ஆனால் எந்தத் தோலிலும் சண்டை போடாமல் உட்காருகிறது. வாசனை போடாத தேங்காயெண்ணெய் சோப்பு இருக்கிறது. கிளிசரின் இருக்கிறது. வெளுக்க வைக்கும் கிரீம் மட்டும் கிடையாது. கறுப்பாகப் பிறப்பதையே ஒரு வியாதியாக்கி, அந்த வியாதிக்கு மருந்தும் விற்று, விளம்பரத்தில் வேலையும் மாப்பிள்ளையும் வாங்கித் தருகிற வியாபாரத்தை இந்த நாடு எத்தனை வருடமாகப் பொறுத்துக்கொண்டிருக்கிறது! அன்புக்கரசி பொறுத்துக்கொள்ளவில்லை. அந்த டப்பாவைக் கேட்டு வருகிறவர்களிடம், பாதரசம் கலந்த கிரீமால் சிறுநீரகம் கெட்டவர்களைப் பற்றிய செய்தித்தாள் நறுக்குகளை எடுத்து நீட்டுவார்.

திலீப்பிடம் அவர் கேட்ட கடைசிக் கேள்விகள் இரண்டு. முயலின் கண்ணில் ஊற்றிப் பார்த்த சரக்கா என்பது ஒன்று. முயலுக்குப் பதிலாக நீங்களே கையில் பூசிப் பார்க்கிறீர்களே, அது மட்டும் என்ன என்று திலீப் மடக்கப் பார்த்தார். “நான் ஒத்துகினு செய்றேன். முயலு எப்ப ஒத்துகிச்சு?” என்றார் அன்புக்கரசி. இரண்டாவது கேள்வியைக் கேட்டதும் திலீப் டப்பாக்களைப் பையில் அடுக்கத் தொடங்கினார். “இத பொட்டலம் கட்னவ கை எப்டி கீது?”

அந்தக் கேள்விக்கு ஒன்பது வருட வயது. வியாசர்பாடி ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து தினமும் திருவொற்றியூருக்குப் போய், தகரக் கூரை போட்ட ஒரு கொட்டகையில் சோப்புத்தூள் பொட்டலம் கட்டினார் அன்புக்கரசி. கையுறை கேட்டவர்களை மேஸ்திரி மறுநாள் வர வேண்டாம் என்றார். முதலில் விரல் இடுக்கு வெடித்தது, பிறகு உள்ளங்கை உரிந்தது, கடைசியில் கட்டைவிரல் ரேகையே தேய்ந்துபோனது. ரேஷன் கடை இயந்திரத்தில் அவர் விரலை நான்கு முறை வைத்தும் அது அவரை அவர் என்று ஒப்புக்கொள்ளவில்லை. அரிசி இல்லாமல் திரும்பினார். ஒரு பெண்ணின் அடையாளத்தைச் சோப்புத்தூள் தின்றுவிட்டது. அந்தத் தூளில் துவைத்த சட்டைகளோ பளபளவென்று வெளுத்திருக்கும். அன்றைக்கு வேலையை விட்டவர்தான். அதற்குப் பிறகு எந்த டப்பாவைப் பார்த்தாலும், அதை மூடிய கையைத்தான் அவருக்கு முதலில் பார்க்கத் தோன்றுகிறது.

இப்படிப்பட்டவரிடம்தான் போன பங்குனியில் ஒரு சனிக்கிழமை பச்சையம்மா வந்தார்.

பச்சையம்மா மீன் வெட்டுகிறவர். கடைக்கு நாலு தெரு தள்ளிப் பெயர்ப்பலகை இல்லாத ஒரு மீன் கொட்டகை இருக்கிறது. பதினெட்டுப் பெண்கள் அங்கே விற்கிறார்கள், வெட்டித் தருகிறார்கள். பச்சையம்மா இருபது வருடமாக அங்கே சங்கரா மீனையும் வவ்வால் மீனையும் செதில் சீவுகிறார். மதியத்துக்கு மேல் மிச்ச மீனைக் கூடையில் சுமந்து தெருத் தெருவாக விற்பார். அன்று இரண்டு கைகளையும் முந்தானைக்குள் சுருட்டி வைத்துக்கொண்டு வந்து நின்றவர், வெளுக்க வைக்கும் கிரீம் ஒன்று வேண்டும் என்றார். எங்கே, கையைக் காட்டு என்று அன்புக்கரசி கேட்டதும் சந்தின் இரண்டு பக்கமும் பார்த்துவிட்டு முந்தானையை விலக்கினார்.

மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை கருந்திட்டுகள். சில இடங்களில் கொப்புளம் காய்ந்து உரிந்த தடம். பொங்கலுக்கு முன்னால் விரல்களில் லேசாக ஆரம்பித்ததாம். ஒரு கிளினிக்கில் உடம்புச் சூடு என்று ஏதோ களிம்பு கொடுத்தார்கள். அது போகவில்லை. மீன் வாங்க வந்த ஒரு அம்மா, இந்தக் கை வெட்டிய மீன் வேண்டாம் என்று எழுந்து போனார். அடுத்த வாரம் மூன்று பேர் போனார்கள். தொழுநோயைச் சொல்லும் ‘பெருநோய்’ என்ற சொல் கொட்டகைக்குள் நுழைந்துவிட்டது. கொட்டகைப் பெண்களுக்குத் தலைவியான கோவிந்தம்மா, மற்றவர்கள் பிழைப்பும் கெடும் என்று சொல்லி, பச்சையம்மாவின் மீன் வெட்டும் கட்டையைக் கூரைக்கு வெளியே, சாக்கடை ஓரத்தில் போடச் சொன்னார். அங்கே போனபின் திட்டுகள் இன்னும் மோசமாயின. இப்போது கெடு வைத்திருக்கிறார்: அடுத்த வார ஞாயிற்றுக்கிழமைக்குள் கை தெளியவில்லை என்றால் அந்த இடமும் கிடையாது. இருபது வருட இடம். பிறகு மீன்பிடித் தடைக்காலம் வந்துவிடும். அதன்பின் யாரும் புதிதாக இடம் தர மாட்டார்கள்.

தொட்டால் தீட்டு என்பதை ஒழித்துவிட்டதாக மேடைதோறும் பேசுகிறோம். அது தொட்டால் ஒட்டிக்கொள்ளும் என்று வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்காருகிறது. அது தொழுநோயாகவே இருந்தாலும்தான் என்ன? அதற்கு இலவசமாக மாத்திரை இருக்கிறது. மாத்திரை தின்னத் தொடங்கியவரிடமிருந்து யாருக்கும் பரவாது. இதைப் பள்ளிக்கூடப் புத்தகத்தில் அச்சடித்திருக்கிறோம். படித்தவர்களே எழுந்து போனார்கள்.

அன்புக்கரசி பஞ்சுக் குச்சியை எடுத்து ஒவ்வொரு திட்டின் மேலும் மெல்லக் கோடு இழுத்தார். உணர்ச்சி இருக்கிறதா என்று கேட்டார். “கூசுது உடுமே” என்று பச்சையம்மா கையை உதறியபோது அன்புக்கரசியின் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்தது. தொழுநோய்த் திட்டு பொதுவாக மரத்துப்போயிருக்கும் என்று எங்கோ படித்திருந்தார். ஆனாலும் தான் டாக்டர் இல்லை என்பது அவருக்குத் தெரியும். செவ்வாய்க்கிழமை கூடவே ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போனார். அங்கிருந்த டாக்டர் பரிசோதித்து, தொழுநோய் இல்லை, ஏதோ பட்டு வந்த ஒவ்வாமை என்று சீட்டில் எழுதிக் கொடுத்தார். என்ன பட்டது என்பதை அவரும் சொல்லவில்லை. பச்சையம்மா அந்தச் சீட்டைக் கோவிந்தம்மாவிடம் காட்டினார். கோவிந்தம்மா அதை மடித்துத் திருப்பிக் கொடுத்தார். “சீட்டு எவன் வோணா எழுதுவான். கை சொல்லட்டும்.”

கை சொல்லட்டும்! அன்புக்கரசி பிடித்துக்கொண்டது அந்த வார்த்தையைத்தான்.

அதற்கு முன்பே, பச்சையம்மா வந்த சனிக்கிழமையே, விசாரணை தொடங்கியிருந்தது. போலீஸ் ஸ்டேஷன் தோற்றுப்போகும். என்ன சோப்பு, என்ன எண்ணெய், வளையல் எந்தக் கடையில், ஐஸ் எங்கிருந்து வருகிறது, கத்தியை எதில் தேய்ப்பாய், பாத்திரம் எதில் துலக்குவாய்? பச்சையம்மா பொறுமை இழக்கும்வரை கேட்டு, அவர் கையில் தினமும் படுகிற பொருள்கள் ஏழு என்று பட்டியல் போட்டார்: இறால் தண்ணீர், ஐஸ் உருகிய நீர், மஞ்சள்தூள், துணி சோப்பு, பாத்திரப் பவுடர், கிளினிக் களிம்பு, நாற்றம் போகத் தேய்க்கும் எலுமிச்சம்பழம். ஏழு நீலக் கட்டங்கள் அன்புக்கரசியின் இடது கையில் வரிசையாக ஏறின. அதே ஏழு, பச்சையம்மாவின் தோள்பட்டைக்குக் கீழே, ரவிக்கைக் கை மறைக்கிற இடத்தில்.

திங்கட்கிழமை மாலை பார்த்தால் இரண்டு கைகளிலும் ஒன்றுமே இல்லை. பாத்திரப் பவுடர் கட்டம் லேசாகச் சிவந்திருந்தது. அது யார் கையிலும் சிவக்கும். ஏழு பேரும் நிரபராதி. கடை வைத்த ஆறு வருடத்தில் கட்டம் பொய் சொன்னது இதுவே முதல் முறை. அன்றிரவு அன்புக்கரசி சாப்பிடவில்லை என்று பரசுராமன் பிறகு சொன்னார். அவர் பேச்சில் அப்போதும் கவலை இருந்தது. “சோத்த வச்சுகினு கைய பாத்துகினே கீறா. பேஜாரா பூட்ச்சு எனக்கு.”

புதன்கிழமை காலை அன்புக்கரசி கடையைத் திறக்கவில்லை. கொட்டகைக்குப் போய் எதிரில் ஒரு டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து, பச்சையம்மா வேலை செய்வதை மூன்று மணி நேரம் பார்த்தார். எட்டு மணிக்கு ஒன்றும் தெரியவில்லை. ஒன்பது மணிக்கும் தெரியவில்லை. பத்தரைக்கு, அருகே போய்க் கைகளைப் புரட்டிப் பார்த்தவர் அப்படியே நின்றுவிட்டார். இத்தனை நாளாகத் திட்டு திட்டு என்று எல்லோரும் சொன்னது திட்டே இல்லை. மணிக்கட்டில் அகலமாகத் தொடங்கி முழங்கையை நோக்கிக் கோடாக இறங்கி, நுனியில் சொட்டுப்போல் முடிந்திருந்தது. ஏதோ வழிந்த தடம்! எந்த வியாதி கையில் வழிந்து ஓடும்? இன்னொன்றும் கண்ணில் பட்டது. பச்சையம்மா கழற்றாமல் போட்டிருந்த அகலமான பிளாஸ்டிக் வளையலை மேலே தள்ளினால், அடியில் தோல் மாசு மருவில்லாமல் இருந்தது. வளையலுக்கு அடியிலும் அது வழிந்துதானே இருக்கும்?

பதினொரு மணிக்கு விடை அவர் கண்ணெதிரே நடந்தது. வியாபாரம் ஓய்ந்ததும் பச்சையம்மா அரை எலுமிச்சம்பழத்தை எடுத்து இரண்டு கைகளிலும் அழுத்தித் தேய்த்தார். கையை உயர்த்திப் பிடித்துத் தேய்த்ததில் சாறு முழங்கைக்கு வழிந்தது. கழுவவில்லை. அப்படியே வெயிலில் உட்கார்ந்து ஊறுகாயும் சோறும் தின்னத் தொடங்கினார். ஏன் கழுவவில்லை என்று கேட்டதற்கு அவர் கொட்டகை மூலையைக் காட்டினார். அங்கே ஒரு குழாய் இருந்தது. தீபாவளியிலிருந்து அதில் தண்ணீர் வரவில்லை. முன்பெல்லாம் எலுமிச்சை தேய்த்துக் கழுவிவிடுவார்கள். இப்போது குடத்தில் கொண்டுவரும் தண்ணீர் மீனுக்கே பற்றவில்லை. நாற்றத்தோடு பஸ்ஸில் ஏறினால் பக்கத்து சீட்டு காலியாகும். எனவே எலுமிச்சை மட்டும். பதினெட்டுப் பெண்கள் ரத்தத்திலும் குடலிலும் வேலை செய்கிற இடத்தில் ஐந்து மாதமாகக் குழாய் வறண்டு கிடக்கிறது. புகார் எழுதிக் கொடுத்தார்கள். எழுதிக் கொடுத்த காகிதம் எங்கேயோ நிழலில் பத்திரமாக இருக்கும்.

எலுமிச்சைதான் என்றால் சனிக்கிழமைக் கட்டம் ஏன் சும்மா இருந்தது? கடைக்குத் திரும்பி நடந்தவர் சந்து முனையில் நின்று தன் கையைப் பார்த்தார், பிறகு கடையைப் பார்த்தார், பிறகு வானத்தைப் பார்த்தார். அவர் கடைக்குள் வெயில் வராது. பச்சையம்மாவின் தோள்பட்டைக் கட்டம் ரவிக்கைக்குள் இருந்தது. வளையலுக்கு அடியில் இருந்த தோலும் இருட்டில்தான் இருந்தது. அன்புக்கரசி சந்தில் ஓடத் தொடங்கினார். நாற்பத்தோரு வயதுப் பெண்மணி ரப்பர் செருப்பு அறுபட ஓடி வந்து, இரவுப் பணி முடித்துத் தூங்கிக்கொண்டிருந்த கணவரை உலுக்கி எழுப்பிச் சொன்னது இதுதான்: “பயம் மட்டும் இல்ல நைனா. பயமும் வெய்யிலும் சேந்துகினு செய்துங்க.” பழம் அவர் வாயில் எப்போதும் ‘பயம்’தான்.

வியாழக்கிழமை பதினொன்றரை மணிக்குக் கடைக்கு வெளியே, தார் உருகுகிற வெயிலில், ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல் போடப்பட்டது. இடது கையில் இடமில்லை என்பதால் வலது கை. அதில் பரசுராமன் கோணல்மாணலாக மூன்று கட்டங்கள் போட்டுக் கொடுத்தார். முதல் கட்டத்தில் எலுமிச்சைச் சாறு, திறந்தபடி. இரண்டாவதில் அதே சாறு, மேலே கறுப்புத் துணி கட்டி மறைத்து. மூன்றாவதில் வெறும் தண்ணீர், திறந்தபடி. வெயில் மட்டும் குற்றவாளி என்றால் மூன்றாவது சிவக்க வேண்டும். பழம் மட்டும் என்றால் இரண்டாவது. இரண்டும் கூட்டு என்றால் முதலாவது மட்டும். ஆய்வுக்கூடங்களில் கோட்டு போட்டுக்கொண்டு செய்கிற வேலையை அந்தச் சந்தில் ஒன்பதாம் வகுப்போடு நின்ற ஒருவர் செய்துகொண்டிருந்தார். ஒரு மணி நேரம். வேடிக்கை பார்க்கக் கூட்டம் சேர்ந்தது. எந்தக் கட்டம் சிவக்கும் என்று டீ பந்தயம் கட்டினார்கள். மனசு கேட்காமல் குடை கொண்டுவந்த பரசுராமனை அவர் போட்ட சத்தத்தில் எதிர்வீட்டுப் பூனை எழுந்து போனது.

வெள்ளிக்கிழமை ஒன்றும் இல்லை. பந்தயம் கட்டியவர்கள் கிண்டல் செய்தார்கள். பச்சையம்மா இரண்டு தடவை வந்து எட்டிப் பார்த்துவிட்டுப் போனார். சனிக்கிழமை காலை முதல் கட்டம் சிவந்தது! மாலைக்குள் தீப்பட்டதுபோல் எரிந்தது. மற்ற இரண்டும் பச்சைத் தண்ணீர்போல் அமைதி. ஞாயிற்றுக்கிழமை விடியும்போது முதல் கட்டத்துக்குள், பரசுராமனின் கோணல் கோட்டை அப்படியே ஒட்டி, நாலு மூலையும் வைத்து, ஒரு கொப்புளம் எழும்பியிருந்தது. எரிச்சலில் கண்ணில் நீர் கோத்திருக்க, சிரித்துக்கொண்டே அதைப் பார்த்தார் அன்புக்கரசி. அறிவு ஜெயிக்கிற நொடி அழகானது, அது வலித்தாலும்.

ஞாயிற்றுக்கிழமைக் கொட்டகை எப்படி இருக்கும் என்று சொல்லத் தேவையில்லை. வாங்குகிறவர்கள் நெரிசலுக்கு நடுவே கூரைக்கு வெளியே பச்சையம்மா மட்டும் ஈ ஓட்டிக்கொண்டிருந்தார். அன்புக்கரசி நேராகக் கோவிந்தம்மாவிடம் போய்க் கையை நீட்டினார். நடந்ததை ஒன்று விடாமல் சொன்னார். சாறு, வெயில், மூன்று கட்டங்கள், வளையல், வழிந்த தடம். வாங்க வந்தவர்கள் பேரத்தை நிறுத்திவிட்டுக் கேட்டார்கள். ஊறுகாய் போட்டுத் தின்கிற பழம் தோலைப் பொசுக்குமா என்று ஒரு பெண் சிரித்தார். வாயில் வெயில் அடிக்காதே என்று இன்னொருவரே பதில் சொல்லிவிட்டார்.

கோவிந்தம்மா அறுபது வயதைக் கடந்தவர். சுலபத்தில் அசைகிறவர் இல்லை. கொப்புளத்தை அருகில் குனிந்து பார்த்தார். மறைத்து வைத்த கட்டத்தையும் பார்த்தார். பிறகு நிமிர்ந்தார்.

“நானுந்தான் முப்பது வர்சமா தேய்க்கிறேன். எனுக்கு ஏன் வர்ல?”

“நீ கூரைக்குள்ள குந்திகினு கீற. அப்பால மூடுன ஆட்டோல வூட்டுக்கு பூடுற. அவ கூடைய தூக்கிகினு தெருவுல வெய்யில்ல சுத்துனா. லேசா வந்துச்சு. அப்ப அவள இன்னா பண்ண நீ? தூக்கி வெய்யில்ல வச்ச. ஜாஸ்தியாச்சு. ஜாஸ்தியானத காட்டி இப்ப எடத்த புடுங்குற.”

கோவிந்தம்மா தன் பலகையில் கிடந்த அரை எலுமிச்சையைப் பார்த்தார். பதினேழு பலகைகளிலும் அப்படி ஒன்று கிடந்தது. அவர் அதை எடுத்துச் சாக்கடையில் எறிந்தார். குழாய் ரிப்பேருக்கு நாளைக்கே எல்லோருமாகப் போய் உட்காருவோம் என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. வேறு சில குரல்கள் அதில் சேர்ந்துகொண்டன.

இதற்குள் பச்சையம்மா கூரை விளிம்புவரை வந்து, உள்ளே காலெடுத்து வைக்காமல் நின்றிருந்தார். கைகளை இப்போது முந்தானைக்குள் மறைக்கவில்லை. தயங்கித் தயங்கி அவர் கேட்டது ஒன்றுதான்: “அப்ப இந்த கறுப்பு போறதுக்கு உங்கடைல இன்னா கிரீம் கீது அன்பு?”

“ஒண்ணும் வாணாம்க்கா. பயத்த உடு. வெய்யில்ல காட்டாத. ரெண்டு மூணு மாசத்துல அதுவே பூடும்.”

சொல்லிவிட்டு அன்புக்கரசி வெளியே போனார். சாக்கடை ஓரத்தில், இருபது வருடக் கத்திக்குழிகளோடு கிடந்தது பச்சையம்மாவின் புளியங்கட்டை. செதிலும் குடலும் ரத்தமுமாக இருந்த அதைக் குனிந்து இரண்டு கைகளாலும் வாரி, மார்போடு அணைத்துத் தூக்கினார். மீன் தண்ணீர் அவர் முழங்கை வழியாகச் சொட்டியது. கூரைக்குள் நுழைந்து கோவிந்தம்மாவின் பலகைக்குப் பக்கத்தில் வந்து நின்றார். அங்கே கோவிந்தம்மா கால் நீட்டி உட்கார்ந்திருந்தார். கட்டை வைக்க இடமில்லை. அன்புக்கரசி கட்டையை இறக்காமல், மூச்சு வாங்க, அந்தக் கால்கள் மடங்கும்வரை அங்கேயே நின்றுகொண்டிருந்தார்.